பின்கதவைத் தூக்க எது நல்லது: ஸ்பிரிங்கா, வின்ச்சா, வேறு ஏதாவதா?

என் டிரெய்லரின் பின்கதவு 54 கிலோ. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது. அதுவரை ‘கொஞ்சம் கனம்தான்’ என்று சொல்லிக்கொண்டே ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்கு மேல் தூக்கி மூடிக்கொண்டிருந்தோம். நான், என்னோடு புல் வெட்ட வரும் தம்பி ஒருவர், மருந்தடிக்க வரும் அக்கா ஒருவர், ஆக மூன்று பேர். யார் டிரெய்லருக்குப் பின்னால் நிற்கிறாரோ அவர் தூக்குவார். அவ்வளவுதான் ஏற்பாடு.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு, சுற்றியுள்ள தோட்டங்களில் புல் வெட்டுவது, மருந்தடிப்பது, உரம் போடுவது என்று குத்தகைக்கு வேலை எடுத்துச் செய்கிறேன். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் பால்மரக்காடு, அதாவது ரப்பர் தோட்டம். இப்போது நான் வேலைக்குப் போகும் இடமெல்லாம் பெரும்பாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. எங்கள் டிரெய்லர் சின்னது: 5 அடி அகலம், 8 அடி நீளம். மினி டிராக்டர் இழுக்கும், தோட்டத்துப் பாதைகளுக்குள் மட்டும் ஓடும். உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி ஒன்று, தோளில் மாட்டும் மெஷின் இரண்டு, மருந்துத் தோம்புகள் (டிரம்கள்), உரம் போடும் மாதங்களில் மூட்டைகள். பின்கதவைக் கீழே சாய்த்தால் அதுவே ரேம்ப். புல்வெட்டி அதன்மேல்தான் ஏறி இறங்கும். அதனால்தான் அந்தக் கதவு இவ்வளவு கனம்.

போன அக்டோபரில் ஒரு சாயங்காலம், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது அக்கா தாழ்ப்பாளை எடுத்தார். ஈரக் கை. கதவு வழுக்கி அவர் பாதத்தின்மேல் விழுந்தது. முனையில் இரும்பு வைத்த பூட்ஸ் போட்டிருந்ததால் விரல்கள் தப்பின. ஆனால் பாதம் இரண்டு வாரம் வீங்கியிருந்தது. என் அம்மாவும் தோட்டத்தில் உரம் போட்டவர்தான். அறுபது வயதுக்குள் நிமிர்ந்து நடக்க முடியாமல் போனார். தூக்குகிற வேலை ஒரு பெண்ணின் முதுகை என்ன செய்யும் என்பதைச் சின்ன வயதிலிருந்து வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் டிரெய்லரில் அது மறுபடி நடக்கக் கூடாது. அன்று ராத்திரியே கதவுக்கு ஒரு வழி பண்ணுவது என்று முடிவு செய்தேன்.

எந்த வழி என்பதில்தான் நாலு மாதம் போனது. விசாரித்த இடத்தில் எல்லாம் ஆளுக்கொன்று சொன்னார்கள். பட்டறைக்காரர் ஸ்பிரிங் என்றார், லோரி ஓட்டும் மச்சான் வின்ச் (கைப்பிடியைச் சுற்றிக் கயிற்றை இழுக்கும் கருவி) என்றார், இன்னொருவர் கதவையே கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு பலகை வாங்கிக்கொள் என்றார். யாருமே முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை: கதவு எத்தனை கிலோ?

நிறுத்துப் பார்ப்பது சுலபம். கீல் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்துக்குக் கட்டைகளை அடுக்கி, மேலே வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசை வையுங்கள். கதவைச் சாய்த்து அதன் வெளி விளிம்பைத் தராசின்மேல் உட்கார வையுங்கள். கதவு தரைக்குச் சமமாகப் படுத்திருக்க வேண்டும், அது முக்கியம். தராசு காட்டுவது ஏறக்குறைய பாதிக் கனம். மீதிப் பாதியைக் கீல்கள் தாங்கிக்கொள்கின்றன. எனக்கு 27 காட்டியது, ஆகவே கதவு 54. கணக்குப் போட்டுப் பார்த்தாலும் அதுதான் வருகிறது: 40 மி.மீ. சதுர ஹாலோ (உள்ளே வெற்றான இரும்புக் குழாய்), 3 மி.மீ. தடிப்பு, மீட்டருக்கு 3.3 கிலோ சுமார். சட்டமும் குறுக்குக் கம்பிகளும் சேர்த்துப் பத்தரை மீட்டர். அதற்குமேல் வலைத்தகடு, கீல், தாழ்ப்பாள்.

தூக்குகிறவர் கையில் இருப்பது அந்த 27 கிலோதான். பிரிட்டனில் வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் எச்.எஸ்.இ. என்ற அமைப்பு, கையால் தூக்கும் வேலைக்கு ஒரு வழிகாட்டிப் படம் வைத்திருக்கிறது. கெண்டைக்கால் நடுவுக்குக் கீழே, உடம்பை ஒட்டிப் பிடித்துத் தூக்கும் பொருளுக்கு அதில் ஆண்களுக்கு 10 கிலோ என்றும் பெண்களுக்கு 7 கிலோ என்றும் போட்டிருக்கிறார்கள். கதவின் விளிம்போ தரையில் கிடக்கிறது. குனிந்து, முதுகை வளைத்து 27 கிலோ. எங்களுக்குச் சரியான வழியைத் தேடுவதற்கு இந்த இரண்டு எண்களே போதுமானதாக இருந்தன: 27ஐ 7க்குக் கொண்டுவர வேண்டும்.

இன்னொரு விஷயம். கதவு படுத்திருக்கும்போதுதான் முழுக் கனமும் கையில் இருக்கிறது. மேலே நிமிர நிமிரக் குறைந்து, நேராக நிற்கும்போது ஒன்றுமே இல்லை. ஆகவே உதவியும் அப்படித்தான் வர வேண்டும்: கீழே அதிகம், மேலே கொஞ்சம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வழிகள் தாமாகவே விலகிவிடும்.

முதலில் கேஸ் ஸ்டிரட். நம் ஊரில் பலர் அப்சோர்பர் என்றே சொல்வார்கள். காரின் பின்கதவைத் தாங்கிப் பிடிக்கும் அந்தக் கறுப்புக் குழாய். உதிரிப்பாகக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும், விலையும் பெரிதில்லை. ஆனால் அது தள்ளுகிற பொருள். கார்க் கதவு மேலே திறக்கிறது, அதனால் தள்ளினால் உதவி. நம் கதவு வெளியே கீழே சாய்கிறது. நேராகப் பொருத்தினால் ஸ்டிரட் கதவைத் தரையைப் பார்த்துத் தள்ளும்! கதவிலிருந்து கீலுக்குக் கீழே ஓர் இரும்புக் கை நீளும்படி பற்றவைத்து, ஸ்டிரட் அதைத் தள்ளும்படி வைத்தால் வேலை செய்யும். அந்தக் கை பதினைந்து செ.மீ. நீட்டி வந்தால்கூட இரண்டு பக்கமும் சேர்த்து 2000 நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ பாரத்துக்குச் சமமான தள்ளு பலம் வேண்டியிருக்கும். சாதாரணக் கார் ஸ்டிரட்டுகளில் அந்த அளவு பலம் இல்லை. தண்டின்மேல் சேறும் உரத்தூளும் ஒட்டினால் சீல் கிழிந்து வாயு போய்விடும். கீழே நீட்டிய கை வரப்பில் இடிக்கும் என்பது வேறு.

பிக்கப் பின்கதவுக்கு என்று விற்கும் ஸ்டிரட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை கதவு தடாலென்று விழாமல் மெதுவாக இறங்கச் செய்பவை. தூக்குவதற்கு அவை உதவாது. நான் ஒன்றைக் கையில் வாங்கி, பணம் கொடுக்கப் போகும்போதுதான் அட்டையை முழுக்கப் படித்தேன்.

வின்ச்சைப் பற்றி மச்சான் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கதவு எவ்வளவு கனமானாலும் கவலை இல்லை. கையால் சுற்றினால் ஏறும், யாரும் குனிய வேண்டாம். நூறு கிலோ கதவென்றால் நானே வின்ச்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் பிரேக் உள்ள வின்ச்சாக இருக்க வேண்டும். படகு இழுக்கும் சாதாரண வின்ச்சில் பல்லை விடுவித்ததும் கைப்பிடி சுழன்று அடிக்கும், மணிக்கட்டை உடைத்துவிடும். பிரேக் வின்ச்சில் கைப்பிடியை விட்டால் அப்படியே நிற்கும். எங்களுக்கு அது ஒத்துவராததற்குக் காரணம் நேரம். ஒரு நாளைக்குப் பத்து ஏற்றம், பத்து இறக்கம், ஒவ்வொன்றுக்கும் நின்று சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாவது நாளே தம்பி கொக்கியைக் கழற்றிவிட்டுக் கையால் தூக்குவார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வேலை செய்கிற ஆளுக்கு இடைஞ்சலாக இருக்கும் பாதுகாப்பு ரொம்ப நாள் நிலைக்காது.

தனிப் பலகைகள், அதாவது கதவே இல்லாமல் இரண்டு அலுமினிய ரேம்ப், இதை நான் ஒரே வரியில் ஒதுக்கினேன். பலகை லேசு, உண்மைதான். ஆனால் அதைச் சங்கிலியால் டிரெய்லரோடு கட்டாமல் மெஷினை ஏற்றினால், பின்சக்கரம் உந்தும்போது பலகை பின்னால் வழுக்கிப் போகும், மெஷின் ஆளோடு விழும். கட்ட மறக்கும் ஒரு நாள் கட்டாயம் வரும், அதுவும் மழை நாளாக இருக்கும்.

கதவையே லேசாக்குவது என்ற யோசனைதான் என்னை அதிக நாள் பிடித்து வைத்தது, ஏனென்றால் அதுதான் நேர்மையான வழி. கனத்தை வைத்துக்கொண்டு அதைச் சமாளிக்க ஒரு கருவி வாங்குவதைவிட கனமே இல்லாமல் செய்வது நல்லதுதானே? அலுமினியம் இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அதே உறுதிக்குத் தடிப்பைக் கூட்ட வேண்டும் என்பதால் முடிவில் கதவு ஏறக்குறையப் பாதிக் கனத்துக்கு வரும். 27க்குப் பதில் 13, 14. நல்ல விஷயம்தான். அலுமினியத்தைச் சுத்தமாகப் பற்றவைக்க டிக் வெல்டிங் வேண்டும். நான் போகும் பட்டறையில் சாதாரண ஆர்க் வெல்டிங்தான். பக்கத்து நகரமான ஈப்போவுக்குக் கொண்டுபோனால் செய்து தருவார்கள், ஆனால் நான் விசாரித்த வழிகளில் இதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகச் செலவு. தோட்டத்துக்குள் விரிசல் விட்டால் நம் ஆள் ஒட்ட முடியாது.

இரும்பிலேயே 3 மி.மீ.க்குப் பதில் 2 மி.மீ. ஹாலோ போட்டால் பத்து கிலோ குறையும். புதிதாக டிரெய்லர் செய்யப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் பட்டறையில் முதலிலேயே பேசிவிடுங்கள். எனக்குக் கதவு செய்துகொடுத்தவர்கள் கேட்காமலேயே கனமான இரும்பைப் போட்டார்கள். ‘உறுதியா இருக்கட்டும்’ என்பது அவர்கள் நல்ல எண்ணம். உறுதி என்றால் கனம் என்று எல்லோரும் நினைக்கிறோம். குறுக்குக் கம்பிகளைச் சக்கரம் போகும் இடத்தில் நெருக்கமாகவும் மற்ற இடத்தில் அகலமாகவும் வைத்திருந்தால் அதே உறுதி குறைந்த இரும்பில் கிடைத்திருக்கும். கதவின் நீளத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள். டிரெய்லர் தரை 45 செ.மீ. உயரம், கதவு 1.5 மீட்டர் என்றால் ரேம்ப்பின் சரிவு 17 பாகை. இதுவே கொஞ்சம் செங்குத்து. கதவைக் கட்டையாக்கினால் தூக்கச் சுலபம், மெஷின் ஏறும்போது பின்னால் கவிழப் பார்க்கும்.

சரி, ஸ்பிரிங்குக்கு வருவோம். அதில் இரண்டு ஜாதி உண்டு.

ஒன்று, கீலிலேயே முறுக்கு ஸ்பிரிங். கதவு இறங்கும்போது முறுக்கேறும், தூக்கும்போது அந்த முறுக்கு விடுபட்டு உதவும். ஃபோர்டு ரேஞ்சர் போன்ற சில பிக்கப்களில் பின்கதவுக்குள் ஒரு முறுக்குத் தண்டு வைத்திருப்பது இதே யோசனைதான். பார்க்க அழகு. கேபிள் இல்லை, கப்பி இல்லை, எதிலும் மாட்டாது. தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பின்னால் பொருத்துவதுதான் தலைவலி. கீல் ஊசிகளை எல்லாம் கழற்றி நீளத் தண்டு போட வேண்டும், கீல்கள் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். நம் பட்டறைக் கதவுகளில் கீல்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பது வழக்கம். அதைவிட, முறுக்கேற்றிய ஸ்பிரிங் கையில் நழுவினால் விரலைக் கொண்டுபோய்விடும். கடைகளின் ரோலர் ஷட்டரைச் சரி செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த ஸ்பிரிங்குக்கு அவர்கள் எவ்வளவு மரியாதை கொடுக்கிறார்கள் என்று.

இரண்டாவது, பக்கவாட்டுச் சட்டத்தில் படுத்திருக்கும் நீள ஸ்பிரிங்கும் கேபிளும். நான் கடைசியில் எடுத்தது இதைத்தான். டிரெய்லரின் இரண்டு பக்கச் சட்டங்களிலும் ஒரு குழாய், அதற்குள் ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் முனையிலிருந்து கேபிள் புறப்பட்டு, சட்டத்தின் பின்மூலையில் ஒரு கப்பியைச் சுற்றி, கதவின் ஓரத்தில் போய் மாட்டும். கதவு இறங்க இறங்க ஸ்பிரிங் இழுபட்டுப் பலம் கூடும். முதலில் சொன்னேனே, கீழே அதிக உதவி, மேலே கொஞ்சம் என்று, இது இயல்பாகவே அப்படி அமைகிறது. அமெரிக்காவில் கொரில்லா லிஃப்ட் என்ற பெயரில் தயார் செட்டாக விற்பதும் இந்த வகைதான். இணையத்தில் வாங்கிக்கொள்ளலாம். நாமே பாகம் பாகமாக வாங்கியும் செய்யலாம்.

நாமே செய்வதென்றால் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் டிரெய்லரில் பக்கச் சட்டம் கீலுக்கு மேலே 40 செ.மீ. உயரம். கதவில் கேபிள் மாட்டும் இடத்தையும் கீலிலிருந்து 40 செ.மீ.யில் வைத்தேன். கதவு படுத்திருக்கும்போது கேபிள் 45 பாகையில் சாய்ந்து நிற்கும், கீலிலிருந்து அதற்கு உள்ள செங்குத்துத் தூரம் 28 செ.மீ. கதவின் கனத்தில் முக்கால் பாகத்தை ஸ்பிரிங் ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் இரண்டு கேபிளும் சேர்ந்து 107 கிலோ இழுக்க வேண்டும், அதாவது பக்கத்துக்கு 53 கிலோ சுமார். அப்போது விளிம்பில் மிச்சம் 7 கிலோ. நான் தேடிய எண்.

இதே கதவு, ஆனால் பக்கச் சட்டம் 20 செ.மீ. மட்டுமே உயரம் என்று வையுங்கள். கேபிள் கதவோடு ஒட்டிக்கொண்டு போகிறது, இழுப்பதில் பெரும்பகுதி வீண். அப்போது பக்கத்துக்கு 84 கிலோ வேண்டும். ஸ்பிரிங் செட் வாங்கி ‘உதவவே இல்லை’ என்று திட்டுகிறவர்களில் பல பேருடைய டிரெய்லரில் சட்டம் தாழ்வாக இருக்கும். ஸ்பிரிங் பாவம் என்ன செய்யும்? மூலையில் ஒரு சின்னத் தூண் பற்றவைத்துக் கப்பியை உயர்த்தினால் அதே ஸ்பிரிங் நன்றாக உதவும்.

அடுத்தது, எவ்வளவு நீளும் என்பது. கதவு நேராக நிற்பதிலிருந்து தரையைத் தொடும் வரைக்கும் கேபிள் கிட்டத்தட்ட 65 செ.மீ. வெளியே வரும். அவ்வளவு நீண்டும் திரும்பி வரும் ஸ்பிரிங் வேண்டும். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் மோட்டார்சைக்கிள் ஸ்பிரிங், லோரி ஸ்பிரிங் எதுவும் இதற்கு ஆகாது. அவை அழுந்துவதற்குச் செய்தவை, சில செ.மீ. அசைவுக்கு மேல் தாங்காது. வீட்டுக் கராஜ் கதவுக்கு வரும் நீள ஸ்பிரிங்தான் பொருத்தம், அது இழுபடவே செய்தது. கேபிளைக் கீலுக்குப் பக்கமாக மாட்டினால் நீட்டம் குறையும், ஆனால் பலம் கூட வேண்டும். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று ஏறும். இதில் குறுக்கு வழி கிடையாது.

பட்டறை அண்ணன் ஸ்பிரிங் முனையில் கொக்கியை வெல்ட் பண்ணிவிடலாம் என்றார். ‘வேணாம்ணே, அங்கேயே உடைஞ்சிடும்’ என்று தடுத்தேன். ஸ்பிரிங் இரும்பில் வெல்டிங் சூடு பட்டால் அந்த இடம் பலமிழந்து நொறுங்கும். கொக்கி ஸ்பிரிங்கோடு வந்ததாக இருக்க வேண்டும், அல்லது போல்ட்டில் மாட்ட வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் பொருத்தினால் போதாதா என்று கேட்கிறார்கள். நாலடி அகலத்துக்குள், லேசான கதவென்றால் போதும். ஐந்தடிக் கதவில் ஒரு பக்கம் இழுத்தால் கதவு முறுகும், மறுபக்கத்துக் கீல் தேயும், தாழ்ப்பாள் ஓட்டை நேருக்கு நேர் வராது. இரண்டு பக்கமும் போடுங்கள்.

இனிமேல் சொல்வது எங்கள் ஊருக்கே உரியது, செட்டோடு வரும் காகிதத்தில் இருக்காது. நாங்கள் ஏற்றும் உரத்தில் எம்.ஓ.பி. இருக்கிறது, அதாவது பொட்டாசியம் குளோரைடு. அது உப்பு. மூட்டை கிழிந்து தூள் கொட்டி, அதன்மேல் மழை பெய்தால் இரும்பைக் கடற்கரையில் போட்ட மாதிரிதான். சாதாரணக் கேபிள் சில மாதத்திலேயே உள்ளுக்குள் துருப்பிடிக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. ஆகவே கல்வனைஸ் (துத்தநாகம் பூசிய) கேபிள், கல்வனைஸ் ஸ்பிரிங். குழாயைக் கொஞ்சம் பின்பக்கம் சாய்த்துப் பொருத்தி, தாழ்ந்த முனையில் தண்ணீர் வடிய ஓட்டை போடுங்கள். உரம் ஏற்றிய அன்றைக்குச் சாயங்காலம் குழாய்க்குள்ளும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். நாங்கள் டிராக்டரைக் கழுவும்போது அதையும் சேர்த்துச் செய்துவிடுகிறோம், ஐந்து நிமிடம்.

எந்த வழி என்று நான் முடிவெடுத்தது கடைசியில் ஒரு கேள்வியை வைத்துத்தான்: இது உடைந்தால் யார் மேல் விழும், யார் சரி செய்வார்? கேபிள் அறுந்தால் கதவு பழையபடி 54 கிலோ ஆகிவிடும், அதுவும் லேசு என்று நம்பிப் பிடித்திருப்பவர் கையில். இரண்டு பக்கமும் தனித்தனி ஸ்பிரிங் இருந்தால் ஒன்று அறுந்தாலும் ஸ்பிரிங் உதவியில் பாதியை மற்றது கொடுக்கும். அக்காவின் கையில் 27க்குப் பதில் 17 கிலோ வரும். கனம்தான், ஆனால் பாதத்தை உடைக்கும் வேகத்தில் விழாது. ஒற்றைக் கயிற்று வின்ச்சில் அந்த வசதி இல்லை. பழுது பார்ப்பதும் அப்படித்தான்: கேபிளும் கிளிப்பும் எங்கள் ஊர் ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கின்றன. ஸ்டிரட்டில் வாயு போனால் தூக்கிப் போட்டுப் புதிது வாங்குவதுதான் வழி. அலுமினியத்துக்கு ஈப்போ போக வேண்டும். கேபிளைத் தம்பி அரை மணி நேரத்தில் மாற்றிவிடுவார்.

அதற்காக ஸ்பிரிங் ஆபத்தில்லாதது என்று சொல்ல மாட்டேன். உடைந்தால் துண்டு பறக்கும். அதனால்தான் திறந்த ஸ்பிரிங்கை வாங்காமல் குழாய்க்குள் இருப்பதை எடுத்தேன். ஸ்பிரிங்கின் நடுவே இன்னொரு மெல்லிய கேபிளைக் கோத்து இரண்டு முனையையும் சட்டத்தில் கட்டியிருக்கிறோம். கராஜ் கதவுகளில் அப்படித்தான் செய்வார்கள். உடைந்த துண்டு அந்தக் கேபிளிலேயே தொங்கும். பொருத்தும்போது கதவை நேராக நிறுத்தி, தாழ்ப்பாள் போட்டு, ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்போது மட்டுமே கேபிளை மாட்டினோம். அப்போதும் கப்பியிலிருந்து கேபிள் நழுவாத அளவுக்குக் கொஞ்சம் விறைப்பு இருக்க வேண்டும். கேபிள் முனையை மடக்கிப் பூட்டும் கிளிப்பில் பலர் தவறு செய்கிறார்கள். யு வளைவு, வெட்டி விட்ட குட்டை முனையை அழுத்த வேண்டும். இழுப்பைத் தாங்கும் நீளக் கேபிள் அடிப்பாகத்தில் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் வளைவு, பாரம் தாங்கும் கேபிளையே நசுக்கி அறுக்கும். ஒரு முனைக்குக் குறைந்தது இரண்டு கிளிப்.

ரொம்ப லேசாக்கவும் கூடாது. தம்பிக்கு ஆசை, விரலால் தட்டினால் ஏற வேண்டும் என்று. ஸ்பிரிங் பலம் கதவின் கனத்தைத் தாண்டினால், மெஷின் ரேம்ப்பை விட்டு இறங்கிய மறு நொடி கதவு எழும்பி, பின்னால் நிற்பவரின் முகத்தில் அடிக்கும். தரையில் கிடக்கும் கதவு தானாகக் கிடக்க வேண்டும், கையை எடுத்தாலும் எழக் கூடாது. எங்கள் 7 கிலோ அந்த எல்லைக்குள் இருக்கிறது. அப்புறம், ஸ்பிரிங் கதவை மூடிய நிலையில் பிடித்துக்கொள்கிறது என்று தாழ்ப்பாள் ஊசியைப் போடாமல் விடுவதும் ஆபத்து. பள்ளத்தில் ஒரு குலுங்கல் போதும்.

டிரெய்லரைப் பொதுச் சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் டிரெய்லரும் ஒரு வாகனம்தான், பதிவு செய்த வடிவத்தை நம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. பற்றவைப்பதற்கு முன்னால் ஜே.பி.ஜே.யில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) கேட்டுவிடுங்கள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் குழாய் டிரெய்லரின் அகலத்துக்கு வெளியே நீட்டக் கூடாது, பின்விளக்கையும் எண்பலகையையும் எதுவும் மறைக்கக் கூடாது. வெல்டிங் இல்லாமல் போல்ட், கிளாம்ப் போட்டுப் பொருத்தும் செட் என்றால் கழற்றுவதும் சுலபம். சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு அதுவே நல்லது.

பொருத்தி மூன்று வாரம் ஆகிறது. முதல் நாள் அக்கா தராசை எடுத்துவரச் சொன்னார். நான் சொல்வதை நம்பவில்லை, சரிதான், நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. கட்டைமேல் வைத்துப் பார்த்தோம், ஏழரை காட்டியது. வலது பக்கக் கேபிள் கொஞ்சம் தளர்வு, அதை இன்னும் சற்று இழுத்தால் ஏழுக்கு வரும். அவரே ஸ்பேனரை எடுத்து இழுத்தார்.

கிளிப்புகளை முதல் வாரத்தில் ஒருமுறை மறுபடி முறுக்க வேண்டியிருந்தது, புதுக் கேபிள் பாரம் ஏறியதும் கொஞ்சம் மெலியும். மாதம் ஒருமுறை பழைய துணியைக் கேபிள்மேல் ஓட்டிப் பார்க்கிறோம். துணியில் இழை மாட்டினால் கேபிள் பிரிய ஆரம்பித்துவிட்டது, அன்றைக்கே மாற்ற வேண்டும். மாட்டாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று வைத்திருக்கிறேன். அடுத்த ஜோடிக் கேபிளை இப்போதே வாங்கி, கிரீஸ் தடவி, டிராக்டர் இருக்கைக்குக் கீழே சுருட்டி வைத்தாயிற்று.